தராசு ஆள்

மலையடிவாரத்தில், தேசியப் பூங்காவின் வாசலில், தராசுக்கு முன்னால் சுமைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். மலைக்குப் போகும் ஒவ்வொரு மூட்டையையும் கொக்கியில் மாட்டி நிறுத்துப் பார்த்த பிறகுதான் காவலர் உள்ளே விடுவார். ஒரு முதுகில் இருபது கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது என்பது சட்டம். அதைப் படமாகவே வரைந்து சுவரில் மாட்டியிருந்தார்கள். படத்தில் இருந்த சுமைக்காரன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நெட்டையன் தன் மூட்டையைக் கொக்கியிலிருந்து இறக்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தான். இடது முழங்காலில் துணி சுற்றியிருந்தது. போன பருவத்தில் ஒரு இறக்கத்தில் மடங்கிய கால். பாரம் கூடினால் அந்தக் காலை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சட்டப்படியான எடை என்றால் தாங்கும். அந்தத் தெம்பில்தான் வந்திருந்தான்.

வரிசையின் கடைசியில் சலவைச் சட்டையோடு ஒருவன் நின்றான். அவன் தராசு ஆள். சுமைக்காரர்களைக் கூட்டிப்போகும் எல்லா மேஸ்திரிகளும் இப்படி ஒருவனை வைத்திருப்பார்கள். வாசலில் ஒரு மூட்டையைத் தன் பெயரில் நிறுத்துக் கொடுப்பான். முதல் வளைவு தாண்டியதும் இறக்கி வைத்துவிட்டு, குறுக்குப் பாதையில் வீட்டுக்குப் போய்விடுவான். அந்த மூட்டையை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுமப்பார்கள். அவனுக்கான கூலியில் பெரும்பகுதி மேஸ்திரியின் பைக்குப் போகும்.

இந்த முறை அது நடக்காது என்று பேசி வைத்திருந்தார்கள். அந்த யோசனை நெட்டையனுடையது அல்ல. அவன் சகலையுடையது. அக்காவையும் தங்கையையும் கட்டிய இருவரும் ஒரே சுவரைப் பங்கிட்ட இரண்டு வீடுகளில் இருந்தார்கள். வாய் ஓயாது என்பதால் சகலைக்கு ரேடியோ என்று பெயர். பேச்சை நிறுத்து விற்க முடிந்திருந்தால் அவன் மூட்டையே தூக்கியிருக்க வேண்டாம்.

"ஒருத்தரும் அந்த மூட்டையத் தொடக்கூடாது சகலை," என்று நெட்டையன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அவன் சொல்லியிருந்தான். "சும்மா நிப்போம். மலை ஏற வர்ற விருந்தாளிங்க முன்னாடி மேஸ்திரி என்ன பண்ணிடுவாரு? உங்க காலுக்காகத்தான் சொல்றேன்." நெட்டையனின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கை புருஷனுக்கு இன்னொரு தம்ளர் டீ ஊற்றினாள்.

வளைவு வந்தது. தராசு ஆள் மூட்டையைப் பாறை மேல் வைத்துவிட்டு, சட்டையை உதறிக்கொண்டு இறங்கிப் போனான். யாரும் அசையவில்லை. சமையலுக்கு வரும் அடுப்பக்கா கூட இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள். மேஸ்திரி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கோபப்படவில்லை.

"ரேடியோ, இங்க கொஞ்சம் வா."

இருவரும் மரத்துக்குப் பின்னால் போனார்கள். திரும்பி வந்த ரேடியோ நேராக நெட்டையனிடம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"இங்க வேணாம் சகலை. விருந்தாளிங்க எல்லாம் முன்னாடி போயிட்டாங்க, யாரு பாக்கப் போறா? நாளைக்கு ரெண்டாவது முகாம்ல வன அதிகாரி மறுபடி எடை போடுவாரு. கையும் களவுமா அங்க பிடிச்சுக் குடுத்திருவோம். அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்குங்க."

சொன்ன கையோடு மூட்டையை அவனே பிரித்தான். மாவு, எண்ணெய் டின், கூடாரக் கம்பிகள் என்று ஆளுக்குக் கொஞ்சம் ஏறியது.

அன்றைக்கு முழுக்க ஏற்றம். விருந்தாளிகள் அங்கங்கே நின்று, இப்படி ஒரு காற்றை வாழ்நாளில் சுவாசித்ததில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நெட்டையன் முன்னால் போகிறவனின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தான். முதல் முகாமில் முழங்கால் வீங்கி, சுற்றிய துணி சதையில் பதிந்திருந்தது. அடுப்பக்கா வெந்நீர் கொடுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் ரேடியோ சுமைக்காரர்களின் கூடாரத்துக்கு வரவில்லை. மேஸ்திரியின் கூடாரத்திலிருந்து அவன் சிரிப்பு கேட்டது. நமக்காக அவரைத் தாஜா பண்ணுகிறான் போலிருக்கிறது என்று நெட்டையன் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் மதியம், இரண்டாவது முகாமுக்கு முந்தைய கடைசி மேட்டில், மேஸ்திரி முன்னால் போயிருந்த சமயம், ரேடியோ எல்லோரையும் நிறுத்தினான்.

"எல்லார் மூட்டையிலயும் ரெண்டு கிலோ, மூணு கிலோன்னு கூட இருந்தா மேஸ்திரி ஏதாவது சாக்கு சொல்லித் தப்பிச்சிருவாரு. எல்லாத்தையும் ஒரே மூட்டையில போட்டுக் காட்டணும். கொக்கியே வளையணும். அப்பதான் அதிகாரிக்கு உறைக்கும்." நெட்டையனைப் பார்த்தான். "உங்க கால் வீக்கத்தையும் காட்டலாம் சகலை. கொஞ்ச தூரம்தானே?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. நெட்டையன் குனிந்து கொடுத்தான். அந்த மேட்டை அவன் தவழாத குறையாக ஏறினான். வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு குஷி. இந்த அநியாயத்துக்கு இன்றோடு முடிவு.

கொக்கி வளையத்தான் செய்தது. அதிகாரி முள்ளைப் பார்த்தார், பிறகு நெட்டையனைப் பார்த்தார்.

"என்னய்யா இது? ரெண்டு ஆள் சுமை இருக்கு?"

"வாசல்ல ஒரு ஆளக் காட்டிட்டு அனுப்பிட்டாங்கய்யா. அவன் மூட்டைதான் இது. எப்பவும் இப்படித்தான். எங்க சகலையக் கேளுங்க, அவரு சொல்லுவாரு."

ரேடியோ தன் மூட்டையின் முடிச்சை அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"அந்த ஆளுக்கு வயித்து வலின்னு திரும்பிப் போயிட்டான்யா. நாங்க பிரிச்சுத்தான் எடுத்துட்டு வந்தோம். இவருதான் எல்லாத்தையும் நானே சுமக்கிறேன், ரெட்டைக் கூலி குடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டாரு." முடிச்சை இறுக்கினான். "கால் சரியில்ல, வேணாம்னு நான்கூடச் சொன்னேன்."

நெட்டையனுக்கு முதலில் கோபமே வரவில்லை. காதில் விழுந்தது தன் சகலையின் குரல்தானா என்று சுற்றிலும் பார்த்தான். மற்ற சுமைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"ஐயா, அது அப்படி இல்லீங்க," என்று அடுப்பக்கா முன்னால் வந்தாள்.

"அக்கா, விருந்தாளிங்க டீ கேக்குறாங்க," என்றார் மேஸ்திரி. "நாளைக்கும் அடுப்பு உங்களுதுதானே?"

அவள் கெண்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கூலிக்கு ஆசைப்பட்டு அளவுக்கு மேல் தூக்குகிறவன் இனி பூங்காவுக்குள் கால் வைக்க முடியாது. அதுவும் சட்டம். அதிகாரி கத்திரிக்கோலை எடுத்து, நெட்டையனின் சட்டைக்கையில் தைத்திருந்த அனுமதி எண் பட்டையை வெட்டி எடுத்தார். விருந்தாளி ஒருவர் எட்டிப் பார்த்து, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். உங்க பாதுகாப்புக்குத்தான்," என்றார் மேஸ்திரி.

"கணவாயத் தாண்டி அந்தப் பக்கம் இறங்குற வரைக்கும் வரட்டும். இங்க வேற ஆள் கிடைக்காது," என்று சொல்லிவிட்டு அதிகாரி அறைக்குள் போனார். மூட்டையைக் குறைக்கச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் ரேடியோவின் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. இனி அவன் துணை மேஸ்திரி. அவன் சுமந்துவந்த மூட்டை மற்றவர்களுக்குப் பிரிந்து போயிருந்தது.

"ஏண்டா?" என்று நெட்டையன் கேட்டான்.

"எனக்கும் ஒரு முதுகுதானே இருக்கு சகலை." ரேடியோ சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். "உங்க கால் எப்படியும் இந்த வருசத்தோட முடிஞ்சிரும். ரெண்டு குடும்பத்துல ஒண்ணாவது நிக்க வேணாமா? உங்க வீட்ட நான் பாத்துக்க மாட்டேனா?"

கணவாயின் உச்சியிலிருந்து பாதை செங்குத்தாக இறங்கியது. பனி உருகி, கல்லெல்லாம் ஈரம். விருந்தாளிகள் கைத்தடியை ஊன்றி, பக்கவாட்டில் கால் வைத்து மெல்ல இறங்கினார்கள். ரேடியோ வெறுங்கையோடு அவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஒரு வளைவில் நின்று விசில் ஊதினான். எல்லோரும் திரும்பிப் பார்க்க, மேலே கம்பிக் கட்டோடு குனிந்து வந்துகொண்டிருந்த நெட்டையனைப் பார்த்து அக்கறையோடு கத்தினான்.

"பாத்து வாங்க சகலை! முழங்கால் பத்திரம்!"