சக்களத்திக்கு ஒரு போர்வை

தையல்காரிக்குச் சக்களத்தி வந்தது கல்யாணமாகிப் பதினோராவது வருஷம். வந்தவளுக்கு நாலு கால், நல்ல பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு. குதிரை லாயத்தில் அவளைச் சீமாட்டி என்று கூப்பிட்டார்கள். தையல்காரியின் புருஷன்தான் அவளுக்குப் பராமரிப்பு. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சீமாட்டி புராணம் ஆரம்பமாகிவிடும். இன்று எவ்வளவு தின்றாள், எவனைக் கண்டு முறைத்தாள், எப்படிக் கனைத்தாள். இவள் மெஷினை மிதித்தபடி 'உம்' கொட்டுவாள். வயிறு எரிவது அவளுக்குத்தான் தெரியும்.

குளிர் தொடங்கியதும் புராணத்தில் சோகம் சேர்ந்தது. போர்வை உரசி உரசிச் சீமாட்டியின் தோளில் உள்ளங்கை அகலத்துக்கு முடி கொட்டிவிட்டதாம். அடுத்த மாதம் போட்டியில் நிற்க வேண்டிய குதிரை. தோள் தேறாவிட்டால் அவளை வேறு ஆளிடம் மாற்றிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இறுக்கமாக இருந்தால்தானே உரசும் என்று இவன் ஒரு சைஸ் பெரிய போர்வையாகக் கேட்டு வாங்கிப் போட்டான். உரசல் இரண்டு பங்கானது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

உள்ளே வழவழப்பாகச் சாட்டின் துணி வைத்துத் தைத்துக் கொடுக்க முடியுமா என்று அவன் கேட்டான். அளவெடுக்காமல் எவளுக்கும் தைப்பதில்லை என்றாள். மறுநாள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு லாயத்துக்கே போனாள்.

போய்ப் பார்த்தது இதுதான். குதிரையைத் தொடுவதற்கு முன் அவன் இரண்டு கையையும் வாயருகே வைத்து ஊதிச் சூடாக்கினான். குளிர்ந்த கை பட்டால் அவள் சிலிர்த்துக்கொள்வாளாம். பதினோரு வருஷமாக ஐஸ் கட்டி மாதிரியான அந்தக் கைகளோடு குடித்தனம் நடத்துகிறவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

கோளாறு எங்கே என்பது அவளுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. பெரிய சட்டை போட்டவனுக்குக் காலர் பின்னால் போய்க் கழுத்தை இழுக்கும் அல்லவா, அதே கதைதான். போர்வை பின்பக்கம் சரிந்து, முன் விளிம்பு தோளில் மாட்டிக்கொள்கிறது. நடு மார்பிலிருந்து வால் வரைக்கும் அளவெடுத்தாள். வீட்டுக்கு வந்து போர்வையைக் குறுக்கினாள், கால் வீசி நடக்கத் தோளருகே முக்கோணத் துண்டு சேர்த்தாள், சாட்டின் வைத்தாள். எல்லாம் கச்சிதம்.

கடைசியாகத் தோள் தையல் மிச்சம். சட்டைக்கு மடிப்பும் முடிச்சும் உள்பக்கம் போகும், வெளியே அழகு தெரிய. குதிரைக்கு அதைத் திருப்பி வெளியே விட வேண்டும், உடம்பில் படாமல் இருக்க. இது அவளுக்குத் தெரியாமலில்லை. அவன் கையை ஊதிய காட்சி கண்முன் வந்தது. மடிப்பை உள்ளேயே விட்டாள். நைலான் முடிச்சையும் வெட்டாமல் விட்டாள். யாராவது கேட்டால் பழக்கதோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒரே ராத்திரிதான். காலையில் போர்வையைக் கழற்றியபோது தோளில் தோல் வழன்று சிவந்திருந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்கே அவன் வீடு வந்து சேர்ந்தான், போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. புராணம் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். இப்படி ஒரு மாலைக்குத்தான் அவள் ஏங்கிக்கிடந்தாள். கிடைத்ததும் பொறுக்காமல் மெஷினை நிறுத்தினாள்.

துருவித் துருவிக் கேட்டபின் சொன்னான். டாக்டர் வந்து, உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி மருந்து போட்டு, ஆறும்வரை போர்வையே கூடாது என்றாராம். மேனேஜர் போர்வையைப் புரட்டி, எந்த மடையன் தைத்தது என்று கேட்டாராம். நான்தான் என்று இவன் சொல்லிவிட்டான். சட்டைப் பொத்தானுக்குக்கூட அவளிடம் வந்து நிற்கிறவன். சீமாட்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, இவனை வைக்கோல் இறக்கப் போட்டுவிட்டார்கள்.

“ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்றாள்.

“உன் தையல இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்ல. அந்தாளு வாயால அது ஆரம்பிக்க வேணாம்னு தோணுச்சு. வழக்கமா நான் போர்வைக்கு உள்ள கைவிட்டுத் தடவிப் பாப்பேன். நீ தைச்சதாச்சேன்னு பாக்கல. விடு, தெரியாம நடந்ததுதானே.”

பழக்கதோஷம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

“தெரியாம நடக்கல. வேணும்னேதான் அப்படித் தைச்சேன்.”

அவன் திரும்பினான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள், படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“அந்த வாயில்லா ஜீவன் உன்னை என்ன பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணல. வாயிருக்கறவ ஒருத்தி இந்த வீட்ல இருக்கா, அவள நீங்க ஒரு நாளாவது என்ன ஏதுன்னு கேட்டீங்களா?”

கேட்டதாக ஒரு நாளைச் சொல்ல அவன் தேடினான் போலிருக்கிறது. அகப்படவில்லை.

காலையில் நானே வந்து மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றாள். சொன்னால் லாயத்தில் தன் பெயர் கெடும், கெடட்டும் என்றாள். அவன் போர்வையை விரித்து ஒரு பாதியைத் தன் மடியிலும் மறு பாதியை அவள் மடியிலும் போட்டுக்கொண்டு, தையலைப் பிரிக்க எந்த நூலை முதலில் வெட்ட வேண்டும் என்று கேட்டான்.

அவள் காட்டினாள். அவன் விரல்கள் அந்தச் சாட்டினை அப்படிப் பக்குவமாகப் பிடித்திருந்தன. அதைப் பார்க்க அவளுக்கு அப்போதும் வயிறு எரிந்தது.