ஏழாம் பீப்பாயின் மூன்று பாட்டில்கள்

ஹோகவெல்ட் ஊரில் ஒரு பீர் நன்றாக இருக்கிறதா என்று யாரும் தானாகக் குடித்துப் பார்த்துச் சொல்வதில்லை. அதற்கென்று ருசிச் சங்கம் ஒன்று இருக்கிறது. ஆறு ஆண்கள், ஆறு மூக்குகள். தலைவர் ஃபிர்மின், தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் ஒரே மதுக்கடையின் முதலாளி. சங்கம் தலையாட்டினால் அவர் கடையில் உங்கள் பீருக்கு இடம். ஆட்டாவிட்டால் நீங்களும் உங்கள் பெண்டாட்டியும் உட்கார்ந்து குடித்துத் தீர்க்க வேண்டியதுதான்.

அந்தத் தலையாட்டலுக்காக யோஸ்ட் பதினெட்டு மாதம் காத்திருந்தான். பச்சைப் பட்டாணியை உறைய வைக்கும் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் மாரடித்துவிட்டு, ஒருநாள் போதும் சாமி என்று வந்து, மாட்டுக்கொட்டகையைச் சுத்தம் செய்து பீர் காய்ச்ச ஆரம்பித்தவன். கன்னங்கரேலென்று, கெட்டியாக, இரண்டு கிளாஸ் உள்ளே போனால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டிய பீர். ஒரே நாளில் காய்ச்சி நாலாம் பீப்பாயிலும் ஏழாம் பீப்பாயிலும் நிரப்பினான். இரண்டும் ஓக் மரம்தான். ஏழு சமர்த்தாக இருந்தது. நாலு புளித்துப்போனது. அதில் கொஞ்சத்தைப் பாட்டிலில் பிடித்து, கறிக்கு ஊற்றிக்கொள் என்று மனைவி மார்லீனிடம் கொடுத்துவிட்டான். மிச்சத்தைக் கொட்ட அவனுக்கு மனசு வரவில்லை. சங்கத்துக்கென்று ஏழிலிருந்து பிடித்த பாட்டில்கள் உக்கிராண அறையின் மேல் தட்டில் இருந்தன, கறிக்கானவை கீழ்த் தட்டில்.

"சனிக்கிழமை அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா, திங்கக்கிழமையே பட்டாணிக்குப் போயிடறேன். மேலாளர்கிட்ட சொல்லி வச்சாச்சு" என்றான். அதைச் சொல்லும்போது சிரித்தான். மார்லீனுக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டாணிக் காலத்து யோஸ்ட்டை அவளுக்குத் தெரியும். விரல் ஜில்லென்று வீட்டுக்கு வருவான், சூப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான், வாயைத் திறக்க மாட்டான். அந்த ஆள் திரும்பி வரவே கூடாது என்று அவள் மனசார வேண்டிக்கொண்டாள்.

ருசி பார்க்கிற அன்று சங்கத்துக்குச் சாப்பாடு போடுவது காய்ச்சுகிறவன் வீட்டுப் பொறுப்பு. பீர் ஊற்றி மூன்று மணி நேரம் வேக வைத்த மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு வறுவல். பெண்கள் கறி வைக்க வேண்டும் என்று விதியில் எழுதவில்லை. ஆனாலும் பெண்கள்தான் வைத்தார்கள். பீரை ருசி பார் என்று, கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒருத்தரும் மார்லீனிடம் கிளாஸை நீட்டியதில்லை. அது என்ன நியாயமோ, அந்தச் சங்கத்துக்கே வெளிச்சம்.

சனிக்கிழமை காலையில் அவள் வெங்காயத்தை வதக்கி, கறியைச் சிவக்க வறுத்து, கடுகு தடவிய ரொட்டித் துண்டை மேலே வைத்து, உக்கிராண அறையின் கீழ்த் தட்டிலிருந்து மூன்று பாட்டில் எடுத்து வந்து ஊற்றினாள். கரண்டியை நக்கிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். புளிப்பு லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. அதன் பின்னால் உலர்ந்த பிளம்ஸ், கருகின சர்க்கரை, கடைசியில் மரம். விழுங்கின பிறகும் வாயை விட்டுப் போகவில்லை. அட, கெட்டுப்போனதே இவ்வளவு நன்றாக இருந்தால் நல்லது எப்படி இருக்கும் என்று நினைத்தாள். இன்னொரு கரண்டியும் குடித்தாள்.

மதியம் சங்கம் வந்து கொட்டகையில் உட்கார்ந்தது. காலி பாட்டில்களைக் கழுவக் கவிழ்த்தபோதுதான் மார்லீன் அதைப் பார்த்தாள். பாட்டிலின் அடியில் சாக்பீஸால் ஒரு ஏழு. நடுவில் குறுக்குக் கோடு போட்ட யோஸ்ட்டின் ஏழு. மூன்றிலும் இருந்தது.

சங்கத்துக்கு வைக்கிற பாட்டிலில் பெயரோ சீட்டோ ஒட்டக் கூடாது என்பது விதி. அதனால்தான் யோஸ்ட் அடியில் எழுதியிருக்கிறான். வெள்ளிக்கிழமை உக்கிராண அறையைத் துடைக்கிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்து, திரும்ப அடுக்கியது இவள்தான். மேல் தட்டு கீழே போய், கீழ்த் தட்டு மேலே வந்துவிட்டது. ஏழாம் பீப்பாய் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியானால், மேல் தட்டிலிருந்து யோஸ்ட் எடுத்துப்போய்க் கொட்டகையில் இப்போது ஊற்றுவது நாலு.

ஈரக் கையோடு ஓடினாள். யோஸ்ட் ஊற்றி முடித்திருந்தான். பாலாடைக்கட்டித் துண்டுகளுக்கு நடுவே ஆறு மூக்குகளும் ஆறு கிளாஸுக்குள் இருந்தன. யோஸ்ட்டும் ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையன் மாதிரி நின்றான். மார்லீன் வாயைத் திறந்தாள். ஃபிர்மின் கண்ணைத் திறக்காமலே, பேசாதே என்று கையைத் தூக்கினார்.

ஒரு வாய் குடித்தார். கன்னத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உப்பினார்.

"மரம் பேசுது தம்பி" என்றார்.

அவ்வளவுதான், மற்ற ஐந்து பேருக்கும் மரம் பேச ஆரம்பித்துவிட்டது. தபால்காரர் பழைய குதிரைச் சேணம் தெரிகிறது என்றார். பக்கத்திலிருந்தவர் ஒருபடி மேலே போய்க் குதிரையே தெரிகிறது என்றார். இந்தப் புளிப்பைக் கொண்டுவர எத்தனை பொறுமை வேண்டும் என்று ஒருவர் உருகினார். யோஸ்ட் தன் கிளாஸைக் குடித்தான். இதற்குத்தான் பதினெட்டு மாதம் என்று சொல்லும்போதே அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒருமனதாக ஏற்பு என்று எழுதி, ஃபிர்மின் சங்கத்து முத்திரையைக் குத்தினார்.

மார்லீன் திறந்த வாயை மூடிக்கொண்டாள். அழுகிற மனுஷனிடம் போய் எதைச் சொல்வது? சொன்னால் முத்திரை போகும், திங்கட்கிழமை பட்டாணி. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வறுவல் போடப் போனாள்.

கறி மேஜைக்கு வந்தது. ஃபிர்மின் இரண்டு வாய் தின்றார். முள்கரண்டியை வைத்தார்.

"ஏம்மா மார்லீன், கறி பஞ்சா வெந்திருக்கு, குத்தம் சொல்ல முடியாது. ஆனா என்ன பீரைம்மா ஊத்தித் தொலைச்ச? ஏதோ கெட்டுப்போன வாடை அடிக்குதே."

யோஸ்ட் காது மடல் சிவக்க முந்திக்கொண்டான். "அது நாலாம் பீப்பாய் தலைவரே. புளிச்சுப்போச்சு, வீணாக்க வேண்டாம்னு..."

"அதானே பார்த்தேன். முப்பது வருஷ நாக்கு, ஏமாத்த முடியுமா?"

மற்ற ஐந்து பேருக்கும் உடனே வாடை அடித்தது. வறுவல் தட்டு காலியானது, கறி அப்படியே நின்றது. சமையலறையில் நின்றபடியே மார்லீன் அதை வழித்து வழித்துத் தின்றாள். கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். சரியான பாட்டிலை ஊற்றியிருந்தால் இந்தக் கடன்காரர்கள் அவனைப் பட்டாணிக்கே அனுப்பியிருப்பார்களே என்று நினைத்தபோது மட்டும் மெல்லுவதை நிறுத்தினாள்.

திங்கட்கிழமை வந்தது. யோஸ்ட் பட்டாணிக்குப் போகவில்லை. விசில் அடித்துக்கொண்டு நாலாம் பீப்பாயைக் காலி பண்ணக் கிளம்பினான். திறப்பதற்கு முன் ஒரு வாய் பிடித்துக் குடித்தான். உடனே தரையில் துப்பினான்.

"தூ. வினிகர். நல்லவேளை மார்லீன், இதை அவங்களுக்கு ஊத்தல."

"ஆமா" என்றாள் மார்லீன். "தப்பிச்சோம்."

குழாயைத் திறந்தான். சங்கம் ஒருமனதாக ஏற்று முத்திரை குத்திய பீர் நுரை தள்ளிக்கொண்டு சாக்கடைக்கு ஓடியது. மார்லீன் கையைக் கட்டிக்கொண்டு கடைசிச் சொட்டு வரை பார்த்தாள். இனி ஏழாம் பீப்பாய் பாட்டிலில் அதே முத்திரையோடு ஃபிர்மினின் மேஜைக்குப் போகும். சீட்டைப் படித்துவிட்டால் அந்த மூக்கு தடுமாறாது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

யோஸ்ட் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இருந்தான். ஒவ்வொரு பீருக்கும் அதன் பெயர் போட்ட தனிக் கிளாஸ் வேண்டும் என்பது அங்கே கட்டாயம். தன் பீரின் பெயர் பொறித்த இரண்டு டஜன் கிளாஸை, சங்கம் சொல்வதற்கு முன்பே செய்துவைத்து, வைக்கோலுக்கு அடியில் ஒளித்திருந்தான் மடையன். அதில் ஒன்றை எடுத்து, ஏழாம் பீப்பாயிலிருந்து நிறைத்து, அவளிடம் நீட்டினான்.

"நீ இதைக் குடிச்சதே இல்லைல்ல? இந்தா, நீயும்தான் சொல்லேன்."

மார்லீன் வாங்கி மெதுவாகக் குடித்தாள். பிளம்ஸ், கருகின சர்க்கரை, கடைசியில் மரம். கரண்டியில் நக்கியதைவிட இப்போது இன்னும் நன்றாக இருந்தது. சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"கறிக்கு நல்லா இருக்கும்" என்றாள்.

யோஸ்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒரு பீர்க்காரனோடு குடித்தனம் பண்ணியும் உன் நாக்கு தேறவே இல்லை என்றான். மார்லீன் கிளாஸைக் காலி பண்ணிவிட்டு இன்னொன்று கேட்டாள்.