தூண்டில் படாத மீன்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அன்னபுஷ்பத்தின் வீட்டுப் பின்பக்கம் மீன் நாற்றம் ஏறினால் செவ்வாய்க்கிழமை வரைக்கும் இறங்காது. துணி துவைக்கும் கல்லில் செதில் ஒட்டிக் காய்ந்திருக்கும். சாக்கடை வாயில் குடல் சிக்கிக்கொண்டு கிடக்கும். அதைக் குச்சியால் நெம்பித் தள்ளுவதும் அவள்தான். மீன் பிடிப்பது அவள் கணவன் கிறிஸ்துதாஸின் பொழுதுபோக்கு. வாரம் ஆறு நாள் ஒரகடத்தில் ஒரு குடோனில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஏழாம் நாள் சர்ச்சுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, பலராமன் என்கிற கூட்டாளியோடு ஏரிக்கரைக்குப் போய்விடுவான். "மனுசனுக்கு ஒரு ரிலாக்ஸ் வேண்டாமா?" என்பான். அவனுடைய ரிலாக்ஸ் முடிந்து வீட்டுக்கு வரும்போது அவளுடைய வேலை தொடங்கும்.

அவளுக்கும் ஒன்று இருந்தது. ஐந்து மணியானால் தெருப் பெண்கள் நாலைந்து பேர் விற்காமல் கிடக்கும் லேஅவுட் மனையில் கயிறு கட்டி ஷட்டில் ஆடுவார்கள். நைட்டிக்கு உள்ளே சுடிதார் பேண்ட், தலையில் இறுக்கிய கொண்டை. அவள் ஓங்கி அடித்தால் எதிரில் நிற்பவர்கள் முகத்தை மூடிக்கொள்வார்கள். வாரம் முழுக்கக் கம்பெனியில் லென்ஸுக்குக் கீழே செல்போன் சார்ஜர் பலகைகளில் குறை பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போகிறவளுக்கு அந்த ஒரு மணி நேரம் உயிர் வந்த மாதிரி. மீன் வருகிற ஞாயிறுகளில் அதுவும் பாதி போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கொண்டுவந்து கவிழ்த்தது ஒரு சாக்கு நிறைய. எல்லாம் ஜிலேபிக் கெண்டை.

"ஏ புஷ்பம், இதச் சீக்கிரம் அறுத்துத் தா. சின்னதையெல்லாம் ஏற்கெனவே ஹாஸ்டல்ல குடுத்துட்டேன். சமையக்கார தாயாரம்மா ஒத்தையில கெடந்து அல்லாடுது. இது ரெண்டாவது நடைக்கு."

ஹாஸ்டல் என்பது அடுத்த தெருவில் இருக்கும் மூன்று மாடிக் கட்டடம். திருநெல்வேலி, தென்காசிப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்த ஐம்பது பெண்கள் அதில் தங்கியிருந்தார்கள். ஊர்க்காரன் என்று அவர்கள் கிறிஸ்துதாஸை அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். அந்த மரியாதை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. போன மாதமும் இப்படி ஒரு சாக்கு மீன் கொடுத்தான். வார்டன் நன்றி சொல்லி வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டதை இரண்டு நாள் எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

அவன் குளிக்கப் போனான். அவள் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் மீனைக் கையில் எடுத்ததுமே விரல் உள்ளே போனது. வயிறு கூழாக இருந்தது. கண் வெந்த மாதிரி வெளுத்திருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பே இல்லை, சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று ஏதோ வழிந்தது. நாற்றம் மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கியது. மீன் நாற்றத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது, மண்ணெண்ணெய் மாதிரி. இரண்டாவதை எடுத்தாள், மூன்றாவதை எடுத்தாள். வேலைப் பழக்கம், கண் தானாகக் குறையைத் தேடியது. சாக்கில் பாதியைப் புரட்டியும் ஒரு மீனின் வாயில்கூடத் தூண்டில் முள் குத்திய தடம் இல்லை.

"இன்னிக்கி தூண்டில் போடலயா?" என்று குளியலறைப் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"வலை. பலராமன் கொண்டாந்தான்."

அவன் போன் அடித்தது. "யாருன்னு பாரு!" என்று உள்ளேயிருந்து கத்தினான். புறங்கையால் தள்ளிப் பார்த்தாள். பலராமன்தான். எடுப்பதற்குள் நின்றுவிட்டது. பிறகு ஒரு வீடியோ வந்து விழுந்தது. விரலால் தொட்டுத் திறந்தாள்.

ஏரிக்கரை வெள்ளையாக இருந்தது. முதலில் அவள் நுரை என்று நினைத்தாள். அப்புறம் பிளாஸ்டிக் கவர் என்று நினைத்தாள். கேமரா கிட்டே போனபோதுதான் தெரிந்தது, அத்தனையும் மல்லாந்த வயிறுகள். நடுவில் முழங்காலுக்கு மேல் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு கிறிஸ்துதாஸ் நின்றான். துண்டால் மூக்கை இறுக்கிக் கட்டியிருந்தான். பழக்கூடையால் மிதந்ததை அள்ளிச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தான்.

"தாஸு, கப்பு தாங்கல மாமே! நேத்து போன்ல சொன்னத விட ஜாஸ்தியா கீது," இது பலராமன் குரல்.

துண்டுக்குள்ளிருந்து அவள் கணவன் சிரித்தான். "மசாலா போட்டா ஒண்ணும் தெரியாது வே. அங்க யாரு மோந்து பாக்கப் போறா?"

அன்னபுஷ்பம் போனை வைத்தாள். அதன் கண்ணாடியில் அவள் விரல் பட்ட இடமெல்லாம் பிசுபிசுவென்று தடம். கையைக் கழுவக்கூட நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

ஹாஸ்டல் சமையல்கட்டில் பெரிய அண்டாவில் குழம்பு கொதித்தது. புளி வாசமும் மண்ணெண்ணெய் வாசமும் கலந்து வாசலிலேயே முகத்தில் அடித்தது. தாயாரம்மாள் தும்மிக்கொண்டே திரும்பினாள்.

"இன்னாம்மா, கையெல்லாம் செதிலோட ஓடியாற?"

"குழம்ப எறக்குங்க. அந்த மீனப் போடாதீங்க."

"போட்டாச்சு. கொதிச்சிகினு கீது. ஏன், இன்னா?"

"செத்த மீன்."

"செத்த மீனத்தான் கொழம்புல போடுவாங்க. உசுரோடவா போடுவாங்க?"

"ஏரியில செத்து மெதந்ததும்மா. எவனோ என்னத்தையோ தண்ணியில தெறந்து விட்டிருக்கான். எங்க வீட்டுக்காரரு மூக்கப் பொத்திக்கிட்டு அள்ளிட்டு வந்திருக்காரு."

சொல்லி முடித்தபோது வாய்க்குள் ஏதோ கெட்டதை மென்றது போலிருந்தது. தாயாரம்மாள் கரண்டியை அப்படியே அண்டாவில் விட்டாள்.

"ஐயோ கடவுளே. நான் சளி புடிச்சிகினு கெடக்கறேன், மூக்குல ஒரு மண்ணும் தெரியல." அவள் முகம் மாறியது. "அப்போ போன மாசம் குட்த்தது?"

வாட்டர் கேன் தூக்க வந்த பேச்சி வாசலில் நின்றிருந்தாள். அன்னபுஷ்பத்தின் கம்பெனியில் அதே ஷிப்ட்டில் வேலை பார்க்கும் பெண், இருபது வயதிருக்கும்.

"போன மாசம் மீன் தின்ன அன்னைக்கித்தானக்கா எங்க ரூம்ல எட்டு பேருக்கும் வயித்தால போச்சு?" என்றாள். "வெயிலுன்னு நெனச்சோம். சூப்பர்வைசர் நம்பவே இல்ல, நடிக்கோம்னு சொன்னாரு. நீங்ககூட மோரு கொண்டாந்து குடுத்தீங்களே." கொஞ்சம் நிறுத்தி, "அண்ணாச்சிக்கித் தெரிஞ்சிருக்காதுல்லாக்கா?" என்று கேட்டாள்.

போன மாதம் அந்த மீனை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அறுத்தவள் அன்னபுஷ்பம்தான். அன்றைக்கும் இதே வாடை அடித்தது. ஏரி மீன் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மணி ஐந்தாகப் போகிறதே என்ற அவசரத்தில் நாலு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, மஞ்சளைக் கூடுதலாக அப்பி, வாடையை அமுக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"மொதல்ல இதக் கீழ ஊத்துவோம்," என்று மட்டும் சொன்னாள்.

மூன்று பேருமாகப் பின்பக்கக் காலி மனையில் குழி வெட்டினார்கள். குழம்பு மண்ணில் இறங்கும்போது மேலே எண்ணெய்ப் படலம் நிறம் நிறமாக மின்னியது. பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு வாந்தியெடுத்தாள். நாய்கள் கிளறாதபடி மேலே உடைந்த சிலாப்பைப் புரட்டிப் போட்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசமும் முட்டையும் என்று முடிவானது. கூட இருந்து முட்டை உடைத்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் கிடந்த சாக்கையும் இழுத்துவந்து அதே குழிக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டுத்தான் அன்னபுஷ்பம் வீட்டுக்குள் போனாள். கையை நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். நகக்கண்ணில் வாடை அப்படியே நின்றது.

கிறிஸ்துதாஸ் குளித்து, பவுடர் போட்டு, வெளுத்த பனியனோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"எங்க போன? மீனு எங்க?"

"பொதச்சாச்சு. ஹாஸ்டல்ல குடுத்ததையும் சேத்து."

அவன் எழுந்துவிட்டான். "உனக்கென்ன கிறுக்கா? யாரக் கேட்டுச் செஞ்ச?"

"வீடியோவப் பாத்தேன்."

அவன் குரலை இறக்கிக்கொண்டான். "கொதிக்கிற குழம்புல எந்தக் கிருமி பொழைக்கும்? சும்மா கிடைக்கிறத வீணாக்காம நாலு பேருக்குக் குடுத்தேன். ஒரு நல்ல காரியம்."

"நல்ல காரியத்துக்கு ஏன் மூக்கக் கட்டினீங்க? போன மாசம் எட்டு பிள்ளைகளுக்கு வயித்தால போயிருக்கு."

"அதுக பழகினதுக, புஷ்பம். அந்த மெஸ்ஸுல தெனம் என்னத்த திங்குதுக, நமக்குத் தெரியாதா?"

அவள் அவனையே பார்த்தாள். இருபது வருஷமாகத் தெரிந்த முகம். அவள் கோபத்தைத் தணித்துவிடலாம் என்று அவன் நம்பியது அந்த முகத்தில் தெரிந்தது. கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போனான். மூடிவைத்திருந்த தட்டைத் திறந்தான். மசாலா தடவிய சீலா மீன் துண்டுகள், ஆறு. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

"இந்தா பாரு. காலையிலேயே வண்டியப் போட்டுட்டு வாலாஜாபாத் போயி நமக்குன்னு வாங்கியாந்தேன். ஏரிக்குப் போறதுக்கு முன்னாலயே. நான் உனக்குக் கண்டதக் குடுப்பனா? போன மாசமும் எறால் வாங்கித் தந்தேன்லா?"

அவன் பெருமையோடுதான் சொன்னான். அந்தப் பெருமைதான் அவளுக்குத் தாங்கவில்லை. பலராமன் சனிக்கிழமையே போனில் சொல்லியிருக்கிறான். என்ன அள்ளப் போகிறோம், யார் தின்னப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே இவன் விடியற்காலையில் கிளம்பிப் போய், கடைக்காரனிடம் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லி, புதுசா என்று பார்த்துப் பொறுக்கியெடுத்து வந்திருக்கிறான். போன மாதம் அந்த எறாலை அவள் விரலைச் சப்பிச் சப்பித் தின்றாள்.

"நம்ம மவ ஷெர்லினும் நாகர்கோவில்ல ஒரு ஹாஸ்டல்லதான் திங்கா," என்றாள்.

"அவ இருக்கது நல்ல ஹாஸ்டல்," என்றான் சட்டென்று.

அவனே மீனை வறுத்தான். தட்டு வைத்தான். கல்யாணமான நாளிலிருந்து செய்கிற மாதிரி ஒரு துண்டை எடுத்து, நடுமுள்ளை உருவி, சதையை விரலால் பிய்த்து அவள் சோற்றில் வைத்தான். வெந்த சதை விரலில் ஒட்டியிருந்தது, அதை நக்கிக்கொண்டான். அவள் தட்டைத் தூக்கிப்போய்க் குப்பைத்தொட்டியில் வழித்துப் போட்டாள். தட்டைச் சிங்க்கில் போட்டுத் தேய்த்தாள்.

"சரி, இனிமே மீன் புடிக்கவே போகல. போதுமா?" என்றான் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"நாளைக்கி ஹாஸ்டலுக்குப் போயி, போன மாசம் குடுத்தது என்னன்னு அந்தப் பிள்ளைகள்ட்ட சொல்லுங்க."

"நானா? என் மானம் போறதுக்கா?"

திங்கட்கிழமை காலை அவன் வழக்கத்தைவிட அரைமணி முன்னாலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டான். அன்னபுஷ்பம் தனியாகப் போனாள். ஷிப்ட்டுக்குப் போகிற பெண்கள் இட்லித் தட்டோடு வராந்தாவில் வரிசையாக நின்றிருந்தார்கள். நிறுத்தாமல் சொன்னாள்.

"போன மாசம் உங்களுக்கு வந்ததும் செத்து மெதந்த மீன்தான். அவருக்குத் தெரிஞ்சேதான் குடுத்தாரு. அறுத்தது நான். நாத்தம் அடிச்சிது. எலுமிச்சம்பழம் தேச்சி மறச்சேன்."

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். ஒருத்தி கெட்ட வார்த்தை சொன்னாள். பின்னால் நின்ற ஒல்லிப் பெண், "ஏங்க்கா? அடிச்சிதுன்னு சொல்லி இருக்கலாம்லா?" என்று கேட்டாள்.

"ஷட்டில் வெளயாடப் போற அவசரம்," என்றாள் அன்னபுஷ்பம். இதைவிடக் கௌரவமாகச் சொல்ல அவளிடம் வேறு காரணம் இல்லை.

பேச்சி தின்றுகொண்டிருந்த இட்லியை வைத்துவிட்டுக் கை கழுவினாள். கம்பெனி பஸ்ஸில் தன் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்னபுஷ்பம் ஒரகடம் வரை நின்றுகொண்டே போனாள்.

சாயங்காலம் கிறிஸ்துதாஸ் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டான். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என் பேரையுமா?"

"ரெண்டு பேரு பேரையும்."

"நாலஞ்சு பேராவது போன்ல போட்டிருப்பாளுக," என்றான். நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். தன்னைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினான். வயிற்றுப்போக்கு வந்த பெண்களில் ஒருத்தியைப் பற்றியாவது கேட்பான் என்று அன்னபுஷ்பம் அடுப்படி வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவன் கேட்கவில்லை. அவள் படுக்கையறைக்குப் போய்த் தன் தலையணையையும் போர்வையையும் எடுத்துவந்து, ஷெர்லினின் கட்டிலில் விரித்தாள்.