விழிப்பு வேறெங்கோ

ஹலாயுத் ஜா காசியிலிருந்து திரும்பிய வருஷம் கமலா நதி எங்கள் ஊர்ப் பக்கமாகக் கரையை அறுத்துக்கொண்டு வந்தது. கிழக்கு மாந்தோப்பில் பாதி ஏற்கெனவே ஆற்றுக்குள் போயிருந்தது.

மிதிலையில் எங்கள் பக்கம் தர்க்கம் படிக்காத வீடு குறைவு. இருப்பது எது, இருப்பதுபோலத் தோன்றுவது எது என்று மீன் வாங்கப் போன இடத்தில்கூடச் சண்டை போடுவோம். ஹலாயுத்தும் என் மைத்துனர் மதுகர் மிஸ்ராவும் ஒரே ஆசிரியரிடம் நியாய சாஸ்திரம் பயின்றவர்கள். கண்ணால் பார்ப்பது, கையால் தொடுவது எல்லாம் உண்மையிலேயே இருக்கிறது என்பது அந்த வழி. மதுகர் ஊரிலேயே பாடசாலை வைத்துவிட்டார். ஹலாயுத் காசிக்குப் போய், உலகமே நீண்ட கனவு என்று சொல்லும் ஒரு துறவியிடம் சில வருஷங்கள் இருந்துவிட்டு வந்தார்.

முதலில் ஊரே கேலி செய்தது. "கனவுதானே பண்டிதரே, அப்புறம் எதுக்கு ரெண்டாவது தடவை தயிர் கேக்கறீங்க?" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். மழை தொடங்கியபோது சிரிப்பு நின்றுவிட்டது. விளக்குச் சுடரில் விரலை வைத்துக்கொண்டு, யாருடைய விரலோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாராம். தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் எடுப்பாராம்.

ஒரு மத்தியானம் அவர் மனைவி சியாவதி மதுகரைத் தேடி வந்தாள். தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள். நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணா, அவர் சரியில்ல," என்றாள். "சாப்பிடறப்போ பாதியில கையை நிறுத்திடறார். மைனா கூப்பிட்டா திரும்பறார், ஆனா சுவத்துல வரைஞ்சிருக்கற பொம்மையைப் பாக்கற மாதிரி பாக்கறார்."

மைனா அவர்களுடைய ஒரே மகள். ஆறு வயதிருக்கும்.

"படிப்பு தலைக்கேறினா கொஞ்ச நாள் அப்படித்தாம்மா இருக்கும்."

"நேத்து அவளை மடியில வெச்சுண்டு, 'உன்னை இங்கயே விட்டுட்டு நான் மட்டும் எப்படி எழுந்துக்கறது'ன்னு கேக்கறார்."

மதுகர் தாம்பூலத்தைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "வாதத்துல வந்த நோய் இது. வாதத்துலயே போயிடும். நீ பயப்படாதே, நான் பேசறேன்," என்றார்.

சிவன் கோயில் முற்றத்தில் வாதம் நடந்தது. அக்கம்பக்கத்து ஊர்ப் பண்டிதர்களும் வந்திருந்தார்கள். வெளுத்துப்போயிருந்தாலும் ஹலாயுத் நன்றாகவே பேசினார்.

"கனவுக்குள்ள இருக்கறவனுக்கு அது கனவுன்னு தெரியறதா? அங்கயும் பசிக்கறது, சாப்பிட்டா அடங்கறது. அப்போ இது கனவு இல்லன்னு நீங்க எதை வெச்சுச் சொல்றீங்க?"

மதுகர் அவசரப்படவில்லை. "ஹலா, செல்லாக்காசுன்னு ஒண்ணை எப்போ சொல்லுவே? நல்ல காசுன்னு ஒண்ணு எங்கயாவது இருந்தாத்தான். வெள்ளியையே பாக்காதவன் கிளிஞ்சலைப் பாத்து வெள்ளின்னு ஏமாறுவானா?"

"மாட்டான்."

"விழிப்புன்னு ஒண்ணே இல்லேன்னா, கனவுங்கற வார்த்தைக்கு அர்த்தம் ஏது? நீ கனவுன்னு வாயைத் திறந்தப்பவே விழிப்பு இருக்குன்னு ஒத்துண்டாச்சு."

மேகம் இறங்கி முற்றமே இருண்டது. பிறகு ஹலாயுத் எழுந்து மதுகரின் காலைத் தொட்டார். கூட்டம் ஆரவாரம் செய்தது. மதுகருக்கு மாலை போட்டார்கள்.

காலைத் தொட்டு நிமிரும்போது ஹலாயுத் அவர் காதில் சொன்னது வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"விழிப்பு இருக்கு. அதை இன்னிக்கு நிரூபிச்சுட்டீங்க அண்ணா. ஆனா அது இதுதான்னு நீங்க நிரூபிக்கலையே."

சொல்லும்போது ஹலாயுத் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி இருந்ததாம். மாலையைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்த மதுகர் இதை என்னிடம் சொன்னார். ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. "நாளைக்குக் காலையில முதல் வேலையா அவன்கிட்ட போகணும்," என்றார்.

காலையில் சியாவதிதான் ஓடிவந்தாள். முந்தானை தோளில் கிடந்தது.

"மைனாவைத் தூக்கிண்டு போயிட்டார் அண்ணா. ஆத்துப் பக்கம்."

மழையில் ஓடினோம். மாந்தோப்புக்கு அப்பால் கமலா மண்நிறத்தில் வீங்கிப் போய்க்கொண்டிருந்தது. கரையில் மைனா தனியாக உட்கார்ந்திருந்தாள். இடுப்பு வரைக்கும் சேறு. உதடு நீலமாகியிருந்தது. சியாவதி அவளை அள்ளிக்கொண்டாள்.

"அப்பா எங்கடி?" என்று மதுகர் கேட்டார்.

குழந்தை ஆற்றைக் காட்டினாள். "என்னையும் தூக்கிண்டுதான் தண்ணிக்குள்ள போனார். முழிச்சுக்கலாம் வான்னார். நான் முழிச்சுண்டுதானே இருக்கேன்னேன். அப்படியே நின்னு என்னையே பாத்தார். எனக்குப் பசிக்கறதுன்னேன். உடனே திரும்பி வந்து இங்க உக்கார வெச்சுட்டார். 'நீ வேணும்னா இரு'ன்னு சொல்லிட்டுப் போனார்."

படகுக்காரர்கள் நீர் வடியும் வரை தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. அவருடைய மேல்துண்டுகூடக் கிடைக்கவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் கூடி, தர்ப்பையால் உருவம் செய்து எரித்துவிடலாம் என்றார்கள். பெண்கள் சியாவதியின் வளையலை உடைக்க வந்தபோது அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வாசலில் நின்ற மதுகரிடம், எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"இல்லாததும் ஒரு உண்மை, அதையும் கண்ணால பாக்கலாம்னு பாடம் சொல்லுவீங்களே அண்ணா. கரையில அவர் இல்லைங்கறதைப் பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன்மா."

"அவர் இங்க இல்லைன்னு பாத்தீங்களா? எங்கயுமே இல்லைன்னு பாத்தீங்களா?"

எங்கள் மாவட்டத்தில் மதுகரை வாதத்தில் நிறுத்தியவர்கள் கிடையாது. பெண்கள் காத்திருந்தார்கள். பதில் வராததால் ஒவ்வொருத்தியாகக் கலைந்து போனார்கள்.

சியாவதி வகிட்டுக் குங்குமத்தை அழிக்கவில்லை. மதுகர் அந்த வருஷமே பாடசாலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டார். காலையில் கண் விழித்ததும் அவர் உடனே எழுவதில்லை என்று என் மனைவி சொல்லுவாள். கூரையைப் பார்த்தபடி கிடப்பாராம். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பாராம்.

மைனாதான் தூங்க மறுத்தாள். கண் சொருகும்போதெல்லாம் தன் கையைத் தானே கிள்ளிக்கொள்வாள். சியாவதி அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருப்பாள். வெளியே கரை இடிந்து விழும் சத்தம் அவ்வப்போது கேட்கும்.