இன்று யார் பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் என் மனைவியும் போனில் முகம் பார்த்துப் பேசுவோம். நான் பிழைக்க வந்த நாட்டில் இருக்கிறேன், அவள் கடல் தாண்டி ஊரில், அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. போனின் தலைமாட்டில் கேமரா என்று ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது அல்லவா, அதைப் பார்த்துப் பேசினால்தான் எதிரில் இருப்பவருக்கு நாம் அவர் கண்ணையே பார்ப்பது போலத் தெரியும். ஆனால் புள்ளியைப் பார்த்தால் நமக்கு அவர் முகம் தெரியாது. முகத்தைப் பார்த்தாலோ, "கண்ணைக் கீழேயே போட்டுட்டு இருக்கீங்களே, என்னாச்சு?" என்று கேள்வி வரும். சண்டை வேண்டாம் என்று முறை வைத்துக்கொண்டோம். ஒரு வாரம் நான் புள்ளியைப் பார்ப்பேன், அவள் என்னைப் பார்ப்பாள். மறு வாரம் அவள் புள்ளி, நான் அவளை.

என் வேலையும் ஏறக்குறைய அதுதான். கட்டடம் எழும்பும் இடத்தில் கிரேனுக்குக் கை காட்டுகிறவன் நான். உயரத்தில் கூண்டுக்குள் இருக்கும் ஓட்டுநர் என் கையைப் பார்ப்பார். நான் லோடைப் பார்ப்பேன். லோடு அந்தரத்தில் தொங்கும்போது முதலாளியே வந்து கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது, பதில் சொல்லக் கூடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அதன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கட்டும். முதல் நாளில் சொல்லிக் கொடுத்தது, உடம்போடு ஊறிப்போய்விட்டது.

மனைவியை இங்கே அழைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நான் ஆங்கிலம் பேசிக் காட்டி ஒரு தேர்வில் தேற வேண்டும். நம் எழுத்தையே மீசை நரைக்க ஆரம்பித்த பிறகு கூட்டிப் படிக்கக் கற்றவன் நான். இருந்தாலும் வேலை முடிந்து, கையில் சிமென்ட் வாடை போகாமல், சலவைக் கடைக்கு மேலே இருக்கும் வகுப்புக்குப் போனேன். பக்கத்து நாற்காலியில் எங்கள் சைட் மெக்கானிக் தாடி. அவனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஒரு நாள் டீச்சர் 'லுக்' எடுத்தார். லுக் என்றால் பார், முடிந்தது கதை என்று நினைத்தேன். இல்லையாம். லுக் அட் என்றால் ஒன்றைப் பார்ப்பது. லுக் ஃபார் என்றால் தேடுவது. லுக் ஆஃப்டர் கவனித்துக்கொள்வது. லுக் டவுன் ஆன் மட்டமாக நினைப்பது. லுக் அவுட் ஜாக்கிரதை. லுக் ஃபார்வர்ட் டு என்றால், ஒன்று எப்போது வரும் எப்போது வரும் என்று ஆசையாகக் காத்திருப்பது.

"என் மாமியார்கூட என்னை இத்தனை விதமா பார்த்ததில்லை டீச்சர்" என்றான் தாடி.

"டவுன் ஆன் மட்டும் கட்டாயம் பார்த்திருப்பாங்க" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது.

நாமும்தான் பார்த்துக்கோ என்கிறோம், பார்த்துப் போ என்கிறோம், எதிர்பார்த்தேன் என்கிறோம். பிறந்ததிலிருந்து வாயில் கிடப்பதால் அதன் முன்னும் பின்னும் என்ன ஒட்டியிருக்கிறது என்று யோசித்ததே இல்லை. ஆங்கிலத்தையோ ஒவ்வொன்றாக மண்டைக்குள் ஆணி அடிக்க வேண்டியிருந்தது. மனைவிதான் போனில் பாடம் கேட்பாள். கேட்டுக் கேட்டு அவளுக்கு என்னைவிட நன்றாக வந்துவிட்டது.

"என்னங்க, நான் உங்களை லுக் ஃபார்வர்ட் டு பண்ணிட்டே இருக்கேன். அண்ணிகூடக் கேட்கிறாங்க, என்னடி தினம் இதையே முணுமுணுக்கிறேன்னு."

"தப்பு. பண்ணிட்டு இருக்கேன்னு சேர்க்கக் கூடாது."

"நீங்க பாஸ் பண்ணுங்க. அப்புறம் நேர்ல வந்து தப்பில்லாம சொல்றேன்."

தேர்வு ஒரு அலுவலகத்தின் மேல்மாடியில் நடந்தது. கண்ணாடி போட்ட ஒரு அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பெரிய ஜன்னல். ஒரு படத்தை நீட்டினார். ரயில் நிலையத்தில் ஒருவன் பெட்டியோடு நிற்கிறான். "ஹி இஸ் லுக்கிங் அட் த க்ளாக்" என்றேன். "ஹி இஸ் லுக்கிங் ஃபார் சம்படி" என்றேன். அந்த அம்மா தலையாட்டினார். எனக்கே நம்ப முடியவில்லை. பிறகு கேட்டார்: "வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்வர்ட் டு?"

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை மாதம் உருப்போட்டிருந்தேன். பதில் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறக்கும்போது ஜன்னலுக்கு வெளியே எதிர்மனையில் ஒரு கிரேன் கம்பிக் கட்டைத் தூக்கியது. கட்டைச் சுற்றித் தூக்கும் இரண்டு பெல்ட்டும் ஒரே பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன. கட்டு ஒரு பக்கம் சாய்ந்தபடி மேலே ஏறியது.

என் கண் அதில் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா மறுபடியும் கேட்டார். காதில் விழுந்தது. ஆனால் லோடு அந்தரத்தில் இருக்கிறதே, எப்படிப் பதில் சொல்வது? கட்டு இன்னும் சாய்ந்தது. நான் எழுந்து இரண்டு கையையும் விரித்து உயர்த்தி, நிறுத்து என்று சைகை காட்டி, "லுக் அவுட்!" என்று கத்தினேன்.

அந்த அம்மா பதறிப்போய் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிற என்னை எந்த ஓட்டுநர் பார்க்கப் போகிறார்? கீழே அவர்களுக்கென்று மஞ்சள் சட்டையில் ஒருவன் இருந்தான். நிதானமாகக் கை காட்டி இறக்கினான். பெல்ட்டை மாற்றிக் கட்டினார்கள். மறுபடி தூக்கி, உரிய இடத்தில் வைக்கும் வரை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. அந்த அம்மா சிரித்தார், நல்ல மனுஷிதான். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. முடிவு அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். தேறவில்லை. இனி அடுத்த வருஷம்தான் எழுதலாம்.

"சரியான வார்த்தையைச் சரியான நேரத்துல சொல்லியிருக்கே. அதுக்காவது மார்க் போட்டிருக்கலாம்" என்றான் தாடி. சிரிக்க வைக்கப் பார்த்தான். பிறகு எனக்கும் ஒரு டீ வாங்கி வந்தான்.

ஞாயிறு வந்தது. இந்த வாரம் நான் அவளைப் பார்க்கும் முறை. பச்சைப் புடவையில் இருந்தாள். தலை வாரி, புள்ளியைப் பார்த்தபடி தயாராக உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். கை காட்டியதைச் சொன்னபோது சிரித்தாள். அடுத்த வருஷம் என்று சொன்னபோது சிரிப்பு நின்றது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. ஆனால் பார்வையை எடுக்கவில்லை. துடைக்கவும் இல்லை. கீழே குனிந்தால் என் முறை கெட்டுவிடும் என்று அப்படியே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லோடு தொங்கும்போது நான் நிற்பேனே, அதே நிற்பு.

எனக்குத் தாங்கவில்லை. நானும் புள்ளிக்குப் பார்வையை மாற்றினேன். அவள் எந்த நொடியில் கண்ணை இறக்கினாலும் என் கண் அவளுக்காக அங்கே இருக்க வேண்டும்.

"என்னங்க, பார்க்கிறீங்களா?"

"பார்த்துட்டுத்தான் இருக்கேன்" என்றேன், அந்தக் கறுப்புப் புள்ளியிடம்.