முடிவுக் கொம்பு

தம்பி சிறையிலிருந்து தப்பித்து நான்கு நாளாகியும் ஒடீல் ஞாயிற்றுக்கிழமைக் காட்டுப்பன்றி வேட்டையை நிறுத்தவில்லை. போலீஸ் அதிகாரி வீட்டுக்கே வந்து, ஆள் பிடிபடும்வரை தள்ளிப்போடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். உத்தரவு என்றால் எழுத்தில் கொடுங்கள் என்றாள் ஒடீல். உத்தரவில்லை, யோசனைதான் என்று சொல்லிவிட்டு அவர் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார். ஊரில் வேட்டைத் தலைவி அவள்தான். பன்னிரண்டு ஆம்பிளைகளும் அவள் கொம்பு ஊதினால்தான் சுடுவார்கள், அவள் ஊதினால்தான் நிறுத்துவார்கள். இதை ஏற்றுக்கொள்ள அவர்களுக்கு ஐந்து வருடம் பிடித்தது என்பது வேறு கதை.

அவளுடைய தம்பி ஃபாப்ரிஸ் ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நகைக்கடையைக் கொள்ளையடித்துவிட்டுக் காரில் பறந்தவன். வழியை மறித்து நின்ற போலீஸ்காரன்மேல் காரை ஏற்றிக் கொன்றான். செத்துப்போன பாஸ்கல் இதே ஊர்ப் பிள்ளை, மார்செலாங்குக்கு ஒரே மகன். பிரேக் பிடிக்கவில்லை என்று ஃபாப்ரிஸ் கோர்ட்டில் சொன்னான். ஒடீல் ஒருத்திதான் அதை நம்பினாள். புதன்கிழமை பல்வலி என்று அவனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். கைவிலங்கோடு இரண்டாம் மாடி ஜன்னலை உடைத்து, கீழே நின்ற சலவை வண்டியின் கூரையில் குதித்து, மருத்துவர் கையுறை மாட்டுவதற்குள் காணாமல் போய்விட்டான்.

அவன் எங்கே இருக்கிறான் என்பது ஒடீலுக்கு மட்டும் தெரியும். மலைச்சரிவில் கஷ்கொட்டைகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் பழைய கல்வீடு ஒன்று உண்டு, சின்ன வயதிலேயே அவன் போய் ஒளிந்துகொள்ளும் இடம். வெள்ளிக்கிழமை அங்கே ரொட்டியும் தொத்திறைச்சியும் வைத்துவிட்டு வந்தாள். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் பை காலி, அறுத்த கைவிலங்கு சாம்பலுக்குள் கிடந்தது. ஆள் முகம் காட்டவில்லை. சாலைக் காவல் தளர்ந்ததும் காரில் ஏற்றி ஸ்பெயின் எல்லையில் விட்டுவிட வேண்டும், அதோடு அவனைத் தலைமுழுகிவிட வேண்டும். அவளுடைய திட்டம் அவ்வளவுதான்.

பிறகு எதற்கு வேட்டை? வேட்டை இல்லையென்றால் மார்செலாங் தனியாகத் துப்பாக்கியோடு மலையேறுவார். தனி ஆளுக்கு எந்தக் கொம்பும் கிடையாது. வேட்டையில் நிற்கும் மார்செலாங்கோ விதியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர். நிற்கச் சொல்லிக் குறித்த நிலையை விட்டு ஐந்தடி நகர்ந்தான் என்று சொந்த மச்சினனின் உரிமத்தையே பிடுங்கவைத்த புண்ணியவான். அந்த ஆளைத் தன் கொம்புக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வதுதான் நல்லது என்று அவள் கணக்குப் போட்டாள். கூடவே, நாய்களைக் கல்வீட்டுக்கு எதிர்ச்சரிவில் அவிழ்த்துவிடவும் ஏற்பாடு செய்தாள்.

காலையில் வேட்டைக் குடிசையில் வழக்கம்போல இறைச்சி, ரொட்டி, சிவப்பு ஒயின். வாயை அடக்கத் தெரியாத லூசியன், இன்றைக்குப் பன்றி மட்டும்தானா, இரண்டு காலில் நடக்கிறதும் உண்டா என்று கேட்டுவைத்தான். மார்செலாங் அன்று ஒரு வாய் ஒயின்கூடத் தொடவில்லை. ரொட்டியை மட்டும் சிறிது சிறிதாகப் பிய்த்து மென்றுகொண்டிருந்தார்.

நிலைகளைப் பிரித்துக் கொடுக்கும்போது ஒடீல் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்:

"மூட்டு வலின்னீங்களே. இன்னிக்கு ரோட்டோரம் ஒண்ணாம் நிலையில நில்லுங்க. ஏறி இறங்க வேண்டாம்."

"எங்கப்பா நின்னது ஏழு. நான் நிக்கறது ஏழு," என்றார் மார்செலாங். "எம்மவன் நிக்க வேண்டியதும் ஏழுதான். மூட்டைப் பத்தி நீ கவலப்படாத, ஒடீல்."

அந்த மலையில் நிலைகள் தகப்பனிடமிருந்து மகனுக்கு வருபவை. வேட்டைத் தலைவி ஆனாலும் அதில் கைவைத்தால், ஏன் எதற்கு என்று பன்னிரண்டு முகங்களும் அவளைத்தான் பார்க்கும். ஏழாம் நிலை கல்வீட்டுக்கு நேர் கீழே, எண்பது அடியில் இருந்தது.

விதிகளை உரக்கப் படித்தாள். மனப்பாடமாகத் தெரிந்தவர்களும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்கள். ஒருமுறை ஊதினால் தொடக்கம். மூன்று முறை ஊதினால் முடிவு. முடிவு கேட்டதும் இருந்த இடத்திலேயே துப்பாக்கியின் குழலை மடித்துத் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்து, வாக்கி-டாக்கியில் நிலை எண்ணைச் சொல்லி "காலி" என்று அறிவிக்க வேண்டும். அதன்பிறகு பன்றி காலை உரசிக்கொண்டு போனாலும் போகட்டும். ஒடீலின் தாத்தா காலத்தில் ஒரு சாவு விழுந்த பிறகு வந்த விதி அது. இன்றுவரை யாரும் மீறியதில்லை.

மேட்டில் நின்று தொடக்கத்தை ஊதினாள். பனிமூட்டம் கீழே பள்ளத்தாக்கை மூடிக்கிடந்தது. எதிர்ச்சரிவில் நாய்கள் கத்தின, ஓய்ந்தன, மறுபடி கத்தின. ஒரு மணிநேரம் எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. பிறகு ஒரு குரல் மட்டும் பிரிந்து, ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் ஏறி வந்தது. கிழட்டு நாய் பெர்லெட். குட்டியாக இருந்தபோது அதைப் பால் ஊற்றி வளர்த்தவன் ஃபாப்ரிஸ். இந்த நாயை இன்றைக்குக் கட்டிப்போட்டிருக்கலாம் என்று தோன்றவே இல்லையே என்று ஒடீல் தன்னையே திட்டிக்கொண்டாள்.

நாய் கல்வீட்டு வாசலில் நின்றது. அது பன்றியைப் பார்த்துக் கத்துகிற கத்தல் இல்லை. ஊளையும் முனகலுமாக, சந்தோஷம் தாங்காமல் தவித்தது. நாய்களோடு நடந்துகொண்டிருந்த ரெஜிஸ் வாக்கியில் பேசினான்.

"என்னடா இது, பெர்லெட்டு குரைக்கலயே. யாரையோ கொஞ்சுதே."

வாக்கி கரகரத்தது. பன்னிரண்டு பேருக்கும் அந்த நாயின் ஒவ்வொரு குரலும் தெரியும். யாரைப் பார்த்தால் அது அப்படி முனகும் என்பதும் தெரியும். பிறகு ஏழாம் நிலையிலிருந்து மார்செலாங்கின் குரல் வந்தது.

"எனக்கும் கேக்குது."

அவ்வளவுதான் சொன்னார். ஒடீல் கொம்பை வாயில் வைத்தாள். மூச்சு போதவில்லை, முதல் ஊதல் உடைந்துபோனது. மறுபடி இழுத்து மூன்று முறை நீளமாக ஊதினாள். வேட்டை தொடங்கி ஒரு மணிநேரத்தில் முடிவா என்று யாரும் கேட்கவில்லை. நிலைக்கு நிலை அவரவர் கொம்பில் அதை வாங்கி ஊதினார்கள், அது பள்ளத்தாக்கின் கோடிவரை போய்த் தேய்ந்தது. பிறகு ஒவ்வொருவராக எண் சொல்லத் தொடங்கினார்கள். ஒண்ணு, காலி. ரெண்டு, காலி. லூசியன் நாலு, காலி. ஆறுவரை வந்து நின்றது. அவள் வாக்கியைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள். ஏழு வரவில்லை. எட்டுக்காரனும் காத்துக்கொண்டிருந்தான்.

"ஏழு," என்றார் மார்செலாங் கடைசியில். "காலி."

ஒடீல் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். மகனைக் கொன்றவன் எண்பது அடியில் இருக்கிறான் என்று தெரிந்தும் தோட்டாவை எடுத்துவிட்டாரே மனிதர். அவர் காலில் விழுந்தாலும் தகும் என்று நினைத்தாள். எட்டு, காலி. ஒன்பது, காலி. இனி எல்லோரும் குடிசைக்கு இறங்குவார்கள், நாயைத் தானே போய்ப் பிடித்துக்கொள்ளலாம். பத்துக்காரன் பேச வாயெடுத்தபோது ஏழாம் நிலைப் பக்கம் துப்பாக்கி வெடித்தது.

அவள் ஓடினாள். சறுக்கிய இடத்தில் சறுக்கி, விழுந்த இடத்தில் எழுந்து ஓடினாள். பொய் சொல்லிவிட்டாரே, வாழ்நாளில் முதல் பொய்யை எனக்குத்தானா சொல்ல வேண்டும் என்று அழுதுகொண்டே ஓடினாள்.

ஏழாம் நிலையில் மார்செலாங் மல்லாந்து கிடந்தார். ஆரஞ்சு அங்கி நெஞ்சில் கருத்திருந்தது. பக்கத்தில் ஃபாப்ரிஸ் நின்றிருந்தான், தாடியும் மருத்துவமனைச் சட்டையுமாக. கையில் கிழவரின் இரட்டைக்குழல் துப்பாக்கி. பெர்லெட் அவன் காலைச் சுற்றிச் சுற்றி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"நீ ஊதினதுமே புரிஞ்சுபோச்சுக்கா," என்றான். மூச்சு வாங்கியது, ஆனால் குரலில் நடுக்கமே இல்லை. "மலையில ஒரு துப்பாக்கியிலயும் தோட்டா இல்ல, வெளிய வாடான்னு சொல்றன்னு. கிழவன் ரெண்டு தோட்டாவையும் உள்ளங்கையில வச்சுப் பாத்துக்கிட்டே நின்னாரு. என்னையப் பாத்தும் துப்பாக்கிய மூடல. துப்பாக்கியையும் தோட்டாவையும் வாங்கறது ஒண்ணும் கஷ்டமா இல்ல."

ஒடீல் மார்செலாங்கின் பக்கத்தில் மண்டியிட்டாள். கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை. அவருடைய உள்ளங்கை விரிந்தபடியே கிடந்தது. பாஸ்கல் செத்த அன்றைக்கும் பிரேக் பிடித்திருக்கும், இவன்தான் மிதிக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் துப்பாக்கி தோளில் மடிந்து, காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கார் எங்கக்கா?"

அவள் பதில் சொல்லுமுன் வாக்கியில் ரெஜிஸின் குரல் வந்தது. ஏழுல யாரு சுட்டது, ஒடீல், முடிஞ்சதுக்கப்புறம் யாரு சுட்டது என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பன்னிரண்டில் பதினொருவர் காலித் துப்பாக்கியோடு அவள் வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள்.

"தவறி வெடிச்சிருச்சுன்னு சொல்லு," என்றான் ஃபாப்ரிஸ். துப்பாக்கியை லேசாக அவள் பக்கம் திருப்பினான். இரண்டாவது குழலில் தோட்டா இருந்தது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒடீல் தம்பியின் முகத்தைப் பார்த்தபடியே வாக்கியின் பொத்தானை அழுத்தினாள்.

"எல்லாரும் தோட்டாவப் போடுங்க. ஏழுக்கு வாங்க. மார்செலாங்கக் கொன்னுட்டான், என் தம்பி."