மோட்டாருக்குக் கட்டிய கல்வீடு

காலையில் எழுந்து பார்த்தால் முற்றத்தில் மறுபடியும் கோலமாவுக் கோடு. நான் போட்டதில்லை. என் வீட்டுக்காரர் வீரசாமி போட்டது. "கதவு இங்க, பள்ளம் நடுவுல, சாமான் மாட்ட இந்தச் செவுரு" என்று தனக்குத் தானே பேசிக்கொண்டு கோட்டுக்குள்ளே நடந்துகொண்டிருந்தார். என் மாவு டப்பா அவர் கக்கத்தில் இருந்தது. நேற்றுப் போட்ட கோடு என்ன ஆயிற்று என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

இந்தத் தீவின் வடக்கே, குட்லண்ட்ஸ் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம். தோட்டத்துத் துரை ஒருவர் வேண்டாமென்று தள்ளிவிட்ட பழைய மோட்டார் காரை, போன கரும்பு வெட்டு முடிந்ததும் இவர் வாங்கி வந்தார். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு தண்ணி தேவையில்லை. மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டால் பொழுது சாயத்தான் வெளியே எடுப்பார். தொலையட்டும், ஆசைதானே என்று விட்டிருப்பேன். ஆனால் மோட்டாருக்கு ஒரு கொட்டகை வேண்டும், அதற்குள்ளேயே ரிப்பேரும் பார்க்க வேண்டும் என்று கிளம்பினாரே, அப்போதுதான் என் வயிறு எரிந்தது. அதற்கு அவர் எடுத்த கல் என் கல்.

என் சமையல்கட்டு முற்றத்தின் பள்ளமான பக்கத்தில் இருந்தது. கரும்புத் தோகை வேய்ந்த குடிசை. மழை பெய்தால் அடுப்புக்குள்ளேயே ஒழுகும். கல்லில் ஒரு சமையல்கட்டு கட்டித் தருகிறேன் என்று இவர் சொன்னதை நம்பி, நிலத்தில் குவிந்து கிடந்த கருங்கல்லை இரண்டு வருஷமாகத் தலையில் சுமந்து வந்து சேர்த்து வைத்தேன். கூரைக்குத் தகரம்கூட வந்துவிட்டது.

"அடுத்த வெட்டு முடியட்டும் தெய்வான, ஒனக்கு இதவிடப் பெருசா கட்டித் தர்றேன்" என்றார்.

"கட்டுவீங்க, கட்டுவீங்க. என் கருமாதிக்குச் சோறாக்க ஒதவும்."

அவர் சிரித்தார். நான் என்ன பேசினாலும் அவருக்குச் சிரிப்புதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரோஷ் புவாவிலிருந்து ஆல்பெர் வருவான். துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன், இவருக்கு மோட்டார் சிநேகிதன். இரண்டு பேரும் கோட்டுக்குள் நின்று, தீவில் எல்லாரும் பேசும் கிரியோலில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஆள் இறங்கி நின்று வண்டியின் அடியைப் பார்க்க நடுவில் ஒரு பள்ளம். வெயில் கண்ணைக் குத்தாமல் வெளிச்சம் மட்டும் வர, தெற்கே ஜன்னல். ஜன்னலடியில் கல் மேடை. ஒழுகாத கூரை. கேட்கக் கேட்க, எனக்கு வேண்டிய சமையல்கட்டையே அவர்கள் மோட்டாருக்குச் சொல்லிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

சுவர் எழும்பியதும் என் கொழுந்தன் சின்னன் தரை போட்டான். ஊரில் பாதி மாட்டுக் கொட்டகைக்குத் தரை போட்டவன் அவன். மூத்திரம் தேங்கக் கூடாதே என்று வாசல் பக்கம் சரிவாக வாட்டம் விட்டுத்தான் அவனுக்குப் பழக்கம்.

"நல்லா வாட்டம் விடுடா. மோட்டாரக் கழுவுன தண்ணி ஒரு சொட்டு நிக்கக் கூடாது" என்றார் இவர்.

ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். வாசலைத் தாண்டி முற்றத்துக்கு ஓடியது. ஆகா, என்ன வாட்டம் என்று அண்ணனும் தம்பியும் பூரித்துப் போனார்கள். நானும்தான் பார்த்தேன், பொறாமையோடு. மாட்டுக்கு இருப்பது கால், மோட்டாருக்கு இருப்பது சக்கரம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு ஆல்பெர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். வண்டியைப் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரண்டு பெரிய கல்லை அண்டை கொடுத்தான். பிரேக் தேய்ந்து போயிருக்கிறது, முதலில் அதைச் சரி பண்ணு, அதுவரை கல்லில் கை வைக்காதே என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போனான்.

பூஜை போடாமல் வேலை தொடங்கலாமா? வெள்ளிக்கிழமை கோயில் பூசாரி வந்தார். மோட்டாருக்கு மாலை போட்டுப் பொட்டு வைத்து, நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"பழம் வச்ச எடத்துல கல்லு எதுக்குப்பா? எடு, எடு."

இவர் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் தலையை ஆட்டினார். சின்னன் கல்லை உருட்டி எடுத்தான். நான் பொங்கல் சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் கற்பூரம் பார்க்க வெளியே வந்திருந்தேன். பிழைத்தேன்.

பழங்கள் நசுங்கின. மோட்டார் புறப்பட்டது. ஓட்டுகிறவர் இல்லை, சத்தம் இல்லை, அவசரமும் இல்லை. "ஐயோ, புடிங்கடா!" என்று இவர் கத்திக்கொண்டு பின்னால் தொங்கினார். அவரையும் இழுத்துக்கொண்டு அது மாலையோடு எங்களைக் கடந்து, முற்றச் சரிவில் வேகம் பிடித்து, நேரே என் சமையல்கட்டுக்குள் போய் நுழைந்தது. சட்டி கவிழ்ந்து பொங்கலே அடுப்பை அணைத்தது. தோகைக் கூரை மோட்டார்மேல் மெல்ல உட்கார்ந்தது. ஒருவருக்கும் அடியில்லை. பூசாரி மட்டும் நிறுத்தத் தெரியாமல் மணி ஆட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சுமந்த கல்லெல்லாம் மறுபடி கழுத்தில் ஏறினதுபோல அலுப்புதான் வந்தது. மத்தியானத்துக்குச் சோறாக்க வேண்டுமே.

"சின்னா, கொட்டாயில இருக்கற பெட்ரோல் டின்னெல்லாம் தூக்கிக்கிட்டுப் போய் மாட்டுப் பக்கம் வை" என்றேன். அவன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். "அங்க என்ன பார்வ? தூக்கு."

இடிபாட்டிலிருந்து அடுப்புக் கல்லை எடுத்துப் போய் ஜன்னலடி மேடையில் வைத்தேன். நனையாத விறகாகப் பொறுக்கி, ரிப்பேருக்கு வெட்டின பள்ளத்தில் அடுக்கினேன். பற்றவைத்தபோது புகை ஜன்னல் வழியாக ஒழுங்காக வெளியே போனது.

மழை பிடித்துக்கொண்டது. இவர் கையில் ஸ்பானரோடு வாசலில் வந்து நின்றார்.

"மோட்டாரு நனையுது தெய்வான."

"நனையட்டும். நான் எத்தன மழ நனஞ்சேன்."

"அப்ப அது எங்கதான் நிக்கும்?"

"என் அடுப்பு நின்ன எடத்துல."

அவர் தகரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அவருக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. நான் அரிசி களைந்த தண்ணீரைத் தரையில் சாய்த்தேன். அது ஒரு சொட்டு நிற்காமல் ஓடி அவர் பாதத்தை நனைத்தது.

"வாட்டம் நல்லா இருக்குங்க" என்றேன்.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தார்.